முப்பத்தெட்டு

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில்
டாக்டர் என் இடது காலைத்
தையல்காரர் டேப்பால் அளந்தார்.
வலதையும் அளந்தார்.
நாலரை சென்டிமீட்டர் என்று
தனக்குள் சொல்லிக்கொண்டார்.
முட்டு எவ்வளவு மடங்குமென்று
பாகைமானி வைத்துப் பார்த்தார்,
கணக்கு சார் கரும்பலகையில் வைப்பாரே
அது மாதிரி ஒன்று.

"எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

வாய் தன்னால் திறந்தது.
"தெனமும் அண்டியாப்பீசுக்கு நடந்துதான் போவேம் சாரே.
சானல்கரை வழியா ரெண்டு கிலோமீட்டர்.
ஒருநாளும் லேட் ஆனதில்ல."

நல்லது என்று தலையாட்டிவிட்டு
38 என்று எழுதினார்.
என் வயதை எழுதுகிறார் என்றுதான்
முதலில் நினைத்தேன்.

நாற்பது வேண்டுமாம்.
நாற்பது சதவீதம் இருந்தால்தான்
பென்ஷனுக்கு மனு கொடுக்க முடியும்.
வெளியே பெஞ்சில்
மகனை மடியில் சாய்த்து வைத்திருந்த கனகமேரி,
கடியபட்டணத்துக்காரி,
ஏழு வருஷமாக இந்த வராந்தாவை அறிந்தவள்,
கேட்டுவிட்டுத் தலையில் அடித்தாள்.
"நல்லா நடப்பேம்னு சொல்லதுக்கா
ஒரு நாள் கூலிய விட்டுட்டு இங்க வந்தே?"

டவுன் பஸ்ஸில் கண்டக்டர்
காசு வாங்காமல் டிக்கெட் கிழித்துத் தந்தார்.
பெண் என்பதற்கு
எத்தனை சதவீதம் என்று
யாரும் கேட்பதில்லை.

இரண்டு வயதில் காய்ச்சல்.
அதிலிருந்து நான் பழகியது ஒரே வாக்கியம்:
எனக்கு ஒண்ணும் இல்ல.
பள்ளிக்கூடத்தில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்,
வேலை கேட்டு நின்றபோது மேஸ்திரியிடம்.
தேய்த்துத் தேய்த்து
பித்தளைக் குடம் போல வைத்திருந்தேன் அதை.
இந்த ஒரு மேஜைக்கு முன்னால்
கவிழ்த்துக் காட்டச் சொல்கிறார்கள்.

கருங்கல் இ-சேவையில் ஷாஜின் சொன்னான்,
ரேஷன் கார்டில் றோசலெட்,
ஆதாரில் ரோஸ்லெட்,
அரசாங்கத்துக்கு நீங்க ரெண்டு பேர் அக்கா.
அந்த ரெண்டு பேரும் சேர்ந்து
விரலை வைத்தோம்.
மெஷின் பச்சை காட்டவில்லை.
துடைச்சிட்டு வைங்க என்றான்.
துடைத்தேன். அடுத்த விரல். அதற்கடுத்தது.
அண்டித்தோட்டுப் பால்
பத்து வருஷமாகத் தின்ற ரேகை
துடைத்தால் வருமா?
அதைக் கேட்பதற்கு
அந்த மனுவில் கட்டமே இல்லை.

மறுபரிசோதனை கேட்கலாம் என்றாள் கனகமேரி, போனில்.
கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லாத,
கேக்காததயும் எழுதிக் கொடு.

கூலிச்சீட்டின் பின்பக்கம் எழுதினேன்.

ஐயா, எவ்வளவு தூரம் என்று கேட்டீர்கள்.
எப்படி என்று கேட்கவில்லை.
அடிக்கு அடி இடது தொடையைக்
கையால் ஊன்றிக்கொண்டு நடக்கிறேன்.
மூன்றாவது கலுங்கில் உட்காருவேன்,
யாராவது வந்தால்
செருப்பு வாரைச் சரிசெய்வது போல இருப்பேன்.
மழை நாளில் ரப்பர் தோட்டத்து வேலிக்கம்பியைப் பிடித்தபடி.
போன ஐப்பசியில் மூன்று தடவை விழுந்தேன்.
மற்றவர்கள் ஏழரைக்குக் கிளம்புகிறார்கள்.
நான் ஆறு மணிக்கு.
லேட் ஆகாததன் காரணம் அதுதான்.

விழுந்தேன் என்று எழுதியபோது
யாரையோ காட்டிக்கொடுப்பது போல இருந்தது.
யாரை என்று யோசித்தேன்.
விளக்கணைத்துப் படுத்தேன்.

இந்தத் தடவை மூன்று டாக்டர்கள்.
நடுவில் இருந்த அம்மா
சீட்டை இரண்டு பக்கமும் படித்தார்,
கூலிக்கணக்கையும் சேர்த்து.
ஒன்றும் சொல்லவில்லை.
மெசேஜ் வரும் என்றார்கள்.
வந்திருக்கிறது:
விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.

இன்று சாயங்காலம்
மூன்றாவது கலுங்கில் உட்கார்ந்திருந்தேன்.
சைக்கிளில் வந்த டெல்பின் காலூன்றி நின்றான்.
"என்ன றோசலெட்டக்கா,
செருப்பு அந்து போச்சா?"

செருப்பு நன்றாகத்தான் இருந்தது.

"இல்லடே.
எனக்க காலு நோவுது."